எல்லாம் முடிந்தது என்று சொன்ன பதின்மூன்று வரிகள்

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு முடிவெட்டும் கடை இருக்கிறது. காலையில் அதன் இரும்பு ஷட்டரைத் தூக்கும்போது பாதியில் சிக்கிக்கொள்ளும். கர்ர், கர்ர், கர்ர். மூன்று முறை. பிறகு அமைதி. அந்த அமைதிதான் எனக்கு ஆகாது. ஷட்டர் திறந்துவிட்டதா, இல்லை கடைக்காரர் அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாரா என்று எழுந்து சன்னலில் எட்டிப் பார்க்காமல் அடுத்த வேலையில் கை வைக்க முடியாது. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. சத்தம் நின்றுவிட்டது, ஆகவே வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் இருபத்து மூன்று வயதில் நானே அப்படி நம்பியவள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். ஈப்போவில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே காப்பிக்கொட்டை வறுப்பார்கள். மார்ஜரினும் சீனியும் கருகும் அந்த வாசனை மாடிப்படி ஏறி, எங்கள் தலைமுடியில் ஏறி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கு வரைக்கும் எங்களோடு வீட்டுக்கு வரும். மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. அதற்கு முதலாளியின் மனைவி ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த உறை போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக்கூட அப்படி ஒரு துணி கிடையாது. அதன் முன்னால் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். நான் அதன் முன்னால் உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்பவள். சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், பரீட்சை மண்டபங்களில் மேசை மேல் ஒட்டும் சீட்டு, கடிதங்களுக்கு விலாசம். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அடித்து, வரிசைப்படுத்தி, அச்சிட்டுக் கொடுப்போம்.

முதலாளி சீனர். பக்கத்து ஊரான கோப்பெங்கில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். தமிழை முழுவதும் கற்றுக்கொண்டார், மரியாதை என்ற பகுதியைத் தவிர. அந்தப் பக்கத்து எல்லாரையும்போல வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘லா’ ஒட்டுவார்.

அந்த வருடம் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியது. மரத்தை வெட்டி வீடு கட்டப்போகிறார்கள். லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்களுக்கு, ஓரமாய் ஒரு மூலையில், ஆளுக்கொரு வீட்டு மனை தருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. யார் யாருக்கு என்ற பட்டியலைத் தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், ஐந்து டிவிஷன்களாகப் பிரித்துக் கையால் எழுதி அனுப்பினார். நான் அடித்தேன். டிவிஷனுக்கு ஒன்றாக ஐந்து வட்டுகள், அந்தக் காலத்து அகலமான கறுப்பு ஃப்ளாப்பி வட்டுகள், அசைத்தால் பொரிக்காத அப்பளம்போல் வளைபவை. அச்சிட்ட பட்டியல் தோட்ட அலுவலகத்துப் பலகையில் ஒரு வெள்ளிக்கிழமை ஏறியது. அடுத்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பெயர் விட்டுப்போனவர்கள் சொல்லலாம். அதற்குப் பிறகு, பலகையில் பெயர் இல்லாதவருக்கு மனை இல்லை. லயத்தையும் காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெயர் ஒரு தாளில் இருக்கிறதா, இல்லையா.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான் என்பதை முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாரோ என்ற பயம்.

இந்த மாதிரி வேலைக்கு நாங்கள் ஒரு கட்டளைக் கோப்பு எழுதி வைத்துக்கொள்வோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். ஒவ்வொரு வரியும் வெளியே இருக்கும் இன்னொரு புரோகிராமைக் கூப்பிடும். கூப்பிடுகிற வரி நான் எழுதியது. கூப்பிட்டதும் வந்து வேலை செய்கிற புரோகிராம் யாரோ எங்கேயோ எழுதியது. என்னுடைய கோப்பில் பதின்மூன்று வரிகள். ‘இன்ன வட்டைப் போடு’ என்று கேட்டு நிற்க ஐந்து வரி. வட்டிலிருந்து பெயர்களை ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துவரும் புரோகிராமைக் கூப்பிட ஐந்து வரி. அதைப் பினாங்கிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போயிருந்தார். வரிசைப்படுத்த ஒன்று, அச்சிட ஒன்று. கடைசி வரி திரையில் மலாயில் ‘செமுவா சியாப்’ என்று எழுதும். எல்லாம் முடிந்தது.

அந்தக் கடைசி வரியை நினைத்தால் இன்றைக்கும் என் மண்டையில் நானே ஒன்று போடலாம் என்றிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அதே தோட்டத்தில், விடியும் முன்னே, பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கிராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு பேரேட்டில் இருந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வர வேண்டும். ஆள் வராவிட்டாலும் பதில் வந்துவிடும், அதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள், மூன்றாவது வீட்டுக்காரன் இன்னும் எழுந்திருக்க மாட்டான், அவர்களுக்காக யாராவது ஒருவர் இருட்டில் நின்று “வந்தாச்சுங்க” என்பார். கிராணிக்கும் தெரியும். தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொள்வார். தோட்ட மேலாளரான துரைக்குத் தேவை நிறைந்த பேரேடு. கிராணிக்குத் தேவை துரையின் அமைதி. எங்களுக்குத் தேவை கிராணியின் அமைதி. என் அம்மா அதில் கெட்டிக்காரி. ஒரே பெரட்டில் மூன்று குரலில் பதில் சொல்வார். நான் அவர் சேலையைப் பிடித்தபடி அரைத்தூக்கத்தில் நின்று அதைக் கேட்டு வளர்ந்தவள். மேலே இருக்கிறவர் கேட்டால் ‘சரிங்க’ என்றுதான் பதில். வேறு பதில் இருப்பதாகவே எனக்குத் தெரியாது.

பினாங்குக்காரரின் புரோகிராம் வேலை முடிந்ததும் ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். நன்றாக முடிந்தால் பூஜ்யம். ஏதாவது கோளாறென்றால் ஒன்று, இரண்டு, நான்கு என்று வேறொன்று. விளக்கத் தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் அது எழுதியிருந்தது. கூப்பிட்டவள் அந்த எண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட. போதாததற்கு, அந்தப் புரோகிராம் திரையில் ஏதேதோ ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போவதைப் பார்த்து முதலாளி, “இது என்னா லா இவ்ளோ பேசுது. வர்றவன் பாத்தா என்னா நெனப்பான். வாய மூடச் சொல்லு,” என்றார். சொன்னேன். ஒவ்வொரு வரியின் வாலிலும் சின்னதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் அது பேசுவதெல்லாம் வெறுமைக்குள் போய் விழும். திரை பளிச்சென்று ஆனது. வட்டைப் போடு, வட்டைப் போடு, கடைசியில் எல்லாம் முடிந்தது. ஊரில் இல்லாத ஒழுங்கு.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மாடிப்படியில் கனத்த காலடி. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, கையில் பிளாஸ்டிக் கூடை, கழுத்தில் சுற்றிய துண்டு. வாசலில் நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கழற்றினார்.

“இங்கதான் பேரு அடிக்கிறாங்களா?”

“ஆமாக்கா. என்ன வேணும்?”

“எம் பேரு வேணும்.”

அவர் மூன்றாவது டிவிஷன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பிறகு காண்டிராக்ட் கூட்டத்தில் புல் வெட்டியவர். வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லை, நாலு வீடு தாண்டி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். பலகையில் இவர் பெயர் இல்லை, வீட்டுக்காரர் பெயரும் இல்லை. கிராணியைக் கேட்டால், நான் எழுதிக் கொடுத்தேன், ஈப்போவில் போய்க் கேள் என்கிறார். வந்துவிட்டார்.

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “நீ ரெண்டாம் லயத்துப் பொண்ணுதானே? ஒங்கம்மா எனக்குப் பெரட்டுல பேரு சொல்லும். கல்யாணம் ஆன புதுசுல நான் எந்திரிக்கவே மாட்டேன்.”

முதலாளி உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார். நான் அந்தப் பேச்சையே கேட்காததுபோல் ஐந்து வட்டுகளையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, கோப்பை ஓடவிட்டேன். கடைசியில் திரை சொன்னது: செமுவா சியாப். அச்சு இயந்திரம் கீச்சுக்குரலில் பட்டியலைத் துப்பியது. அக்கா பெயர் இல்லை.

“பாருங்கக்கா. எல்லாம் சரியா முடிஞ்சிருக்குன்னு சொல்லுது. ஒங்க பேரு எங்களுக்கு வரவே இல்ல. தோட்டத்துலதான் விட்டுருப்பாங்க.”

“யாரு சொல்லுது?”

“கம்ப்யூட்டரு.”

“அதுக்கு என்னத் தெரியுமா?”

முதலாளி வந்து நின்றார். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது லா. தப்பு எல்லாம் ஆளு பண்றது.”

“ஆளுதானே மொதலாளி அதுக்கு அடிச்சுக் குடுத்துச்சு,” என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. நல்லதாக இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். கையில் கிராணி எழுதிய துண்டுச் சீட்டு. மூன்றாவது டிவிஷனுக்குப் பிற்பாடு சேர்த்த ஒன்பது பெயர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே ஈப்போவுக்கு அனுப்பியாகிவிட்டது என்று அடியில் கையெழுத்து. அந்த ஒன்பது பெயர்களை நான் அடித்திருக்கிறேன். காண்டிராக்ட் ஆட்களுக்கும் மனை உண்டு என்று பிறகு ஒப்புக்கொண்டதால் தனியாக வந்த தாள் அது. ஹார்ட் டிஸ்க் இல்லாத மற்றக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மூன்றாவது வட்டில், இருந்த பெயர்களுக்குக் கீழே ஒன்பதையும் சேர்த்தது இந்த விரல்கள்தான். அடித்தேன், இருக்கிறது. அச்சில், இல்லை. நடுவில் எங்கே போய்த் தொலைந்தது?

மறுபடி ஓட்டினேன். செமுவா சியாப். மறுபடி. செமுவா சியாப். திரையை ஓங்கி அறையலாம்போல் இருந்தது. லேஸ் வைத்த உறை போட்ட மூதேவி.

அன்று சாயங்காலம் விளக்கத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிவரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்து ஒற்றை வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. எண். பூஜ்யமா, இல்லையா. அட, இவ்வளவுதானே என்று நிம்மதியாகிவிட்டது. புதன்கிழமை காலை முதல் வேலையாக, ஒவ்வொரு இழுவைக்குப் பின்னாலும் ஒரு கேள்வி வரியைச் சேர்த்தேன்: விட்டுப்போன எண் பூஜ்யம் என்றால் ‘சரி’ என்று எழுது. ஓட்டினேன். சரி. சரி. சரி. சரி. சரி. செமுவா சியாப்.

ஐந்தும் சரி என்றால் பெயர் எங்கே?

அக்கா அதற்குள் வந்துவிட்டிருந்தார். மூன்றாவது நாள். செருப்பு வாசலில், கூடை மடியில், முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் போக மாட்டார் என்பது எனக்கும் முதலாளிக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. முதலாளிக்கு அன்றைக்குள் முடிக்க வேண்டிய வேறொரு வேலை இருந்தது, ஏதோ பள்ளிக்கூடத்து விலாசச் சீட்டுகள். கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார்.

“இது என்னா லா, கிளினிக்கா? தெனமும் வந்து ஒக்காந்துக்கிட்டு.”

“கிளினிக்குல மருந்தாச்சும் குடுப்பாங்க மொதலாளி.”

“நாளைக்கு வா.”

“நாளைக்கு நாலு மணியோட முடிஞ்சிருது. நாளன்னைக்கு நீங்க குடுத்தா அதுல பஜ்ஜிதான் மடிக்கலாம்.”

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். முதலாளிக்காவது ஒரு அர்த்தம் உண்டு, ஆள் அப்படித்தான். இந்த அக்கா ஏன் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்? அவர் கோபமாகத் திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். அது இன்னும் மோசம்.

ஐந்து வட்டுகளையும் மறுபடி எடுத்தேன். முதல் வட்டு: டக், ஸ்ஸ்ஸ், டக். இரண்டாவது: டக், ஸ்ஸ்ஸ், டக். மூன்றாவது: கர்ர், கர்ர், கர்ர். நான்காவதைப் போடக் கையை நீட்டினேன்.

“ஏய், நில்லு,” என்றார் அக்கா பின்னாலிருந்து. “அது ஏன் இதுக்கு மட்டும் பல்லக் கடிக்குது?”

“எதுக்கு?”

“மூணாவது தட்டுக்கு. திங்கக்கெழமையும் கடிச்சிச்சு. நேத்தும் கடிச்சிச்சு. மத்ததெல்லாம் பேசாம திங்குது.”

அந்தச் சத்தத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பழைய வட்டு என்றால் அப்படித்தான் என்று காதைக் கழற்றி வைத்துவிட்டேன். திரையின் வாயைத்தான் நான் மூடியிருந்தேன். வட்டைத் தின்னும் அந்தப் பெட்டியின் வாயை மூட எந்தச் சொல்லும் இல்லை, அது பாவம் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. வரியின் வாலில் நான் சேர்த்திருந்த அந்தச் சின்னச் சொல்லை அழித்தேன். மூன்றாவது வட்டை மட்டும் போட்டு ஓட்டினேன். கர்ர், கர்ர், கர்ர். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: வட்டைப் படிக்க முடியவில்லை, மூன்று முறை முயன்றாயிற்று, விடுகிறேன், எண் நான்கு. அதற்குக் கீழேயே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், நான் காலையில் எழுதிய வரி சொன்னது: சரி.

எண் நான்கு. சரி.

விளக்கத் தாளையும், கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தையும் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு, முதலாளி மூச்சு விடுவது காதில் விழ விழப் படித்தேன். கடைசியில் ஒரு பாராவின் நடுவில் ஒளிந்திருந்தது. ‘பூஜ்யமா’ என்று நான் கேட்டால் அந்தக் கேள்விக்கு ‘பூஜ்யமோ, அதற்கு மேலே எதுவோ’ என்று அர்த்தமாம். ஒன்றும் பூஜ்யத்துக்கு மேல், நான்கும் மேல், வீடு இடிந்து விழுந்தாலும் மேல். எப்படிக் கேட்டாலும் ‘சரி’. யார் உட்கார்ந்து இதை இப்படி வகுத்தார்களோ, அவர் கையில் ஒரு தரமாவது அந்த முக்காலியைக் கொடுத்து அக்காவின் முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றியது. மாற்றிக் கேட்டேன்: ஒன்றா, அதாவது ஒன்றோ அதற்கு மேலோ? அப்படியென்றால் மலாயில் ‘ககால்’, வேலை நடக்கவில்லை, என்று எழுது, அங்கேயே நில். ஓட்டினேன். மூன்றாவது வட்டில் கோப்பு நின்றது. அந்த ஒரு சொல்லைத் திரையில் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை யாரிடமும் விளக்க முடியாது. மூன்று நாளில் அது சொன்ன முதல் உண்மை.

வட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூஞ்சணப் பொட்டு. மழைக்காலத்தில் மாடியில் எல்லாவற்றிலும் பூக்கும். செருப்பில், காலண்டரில், முதலாளியின் தோல் பையில். அப்படியென்றால் மூன்றாவது டிவிஷனில் மற்றவர்கள் பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு அடங்காத விஷயம். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது இழுத்த பழைய மூன்றாவது டிவிஷன் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடந்தது, ஒன்பது பேர் சேர்வதற்கு முந்தியது. புதியதை இழுக்க முடியவில்லை என்றதும் வரிசைப்படுத்தும் புரோகிராம் கையில் அகப்பட்ட பழையதை எடுத்துக்கொண்டது. வராத ஆளுக்கு வந்த ஆள் குரல் கொடுத்த மாதிரி. தாள் நிறைந்திருந்தது, அழகாக இருந்தது, ஆகவே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இழுப்பதற்கு முன்னால் பழையதை அழித்திருந்தால் மூன்றாவது டிவிஷனே வெறுமையாய் வந்திருக்கும். முதல் நாளே ஊர் கூடிக் கத்தியிருக்கும்.

“என்ன கண்டுபுடிச்ச?” என்றார் அக்கா.

“நாந்தான்கா. நாந்தான் கேக்காம விட்டுட்டேன்.”

“அத நான் திங்கக்கெழமையே சொன்னேன் லா.”

வேறு வட்டு எடுத்தேன். பழைய பட்டியல் இருக்கிறது; ஒன்பதை மட்டும் மறுபடி அடித்தால் போதும். கிராணியின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்ததால் அக்காவைப் படிக்கச் சொன்னேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒன்பது பேரையும் தெரியும். முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பார், முழுப் பெயரையும் உரக்கச் சொல்வார், கூடவே ஆளின் வரலாற்றையும் சொல்வார். இவன் குடிகாரன், ஆனா மனசு சுத்தம். இவளுக்குப் போன மாசம்தான் பேரன். தன் பெயரைச் சொன்னபோது மட்டும் எதுவும் சேர்க்கவில்லை. நான் அடிப்பதை, ஒவ்வொரு எழுத்தாக, எழுந்து வந்து பார்த்தார். ஏழாவது பெயரில் நிறுத்தினார்.

“இவரு போயிட்டாரு.”

“எங்க?”

“ஹுத்தான் மெலிந்தாங். மச்சினன் மீன் படகு வச்சிருக்கான். போர்டுல பேரு இல்லன்னதும் ஞாயித்துக்கெழமையே சட்டிபானையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இத்தன வருசம் ஒழச்சதுக்கு இதுதான்னுட்டாரு. யாரையும் ஒரு வார்த்த கேக்கல.”

என் விரல்கள் விசையின் மேலேயே நின்றன. அவர் என்னிடம் வரவில்லை. மற்ற ஏழு பேரும் வரவில்லை. தாளில் அச்சாகி வந்ததை அப்படியே நம்பிவிட்டார்கள். இந்த ஒருத்தி மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் பஸ் ஏறியிராவிட்டால்?

“அடிக்கவா வேணாமாக்கா?”

“அடி. ஆள நான் சொல்லி அனுப்பி வரவச்சுக்கிறேன்.”

முதலாளி அதுவரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். புதிதாய் அச்சான மூன்றாவது டிவிஷன் பக்கத்தைத் தானே கிழித்து எடுத்து, விரலை ஒவ்வொரு பெயராக வைத்து எண்ணினார். ஐம்பத்திரண்டு. பழையதில் நாற்பத்து மூன்று. “ஒம்போது,” என்றார். தாளை என் மேசையில் வைத்து, “நாளைக்கு நீயே கொண்டு போ. பஸ்ல அனுப்பாத. கையில குடு,” என்றார். அவர் பேச்சில் மன்னிப்புக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

வியாழக்கிழமை மதியம், நானும் அக்காவும் கோப்பெங் பஸ்ஸில் போய் இறங்கி, செம்மண் ரோட்டில் நடந்தோம். இரண்டு பக்கமும் மரம் வெட்டியாகிவிட்டது. வெயில் முன்பு விழாத இடத்திலெல்லாம் விழுந்துகொண்டிருந்தது. பெரட்டுக்களத்தில் மணல் லாரி ஒன்று நின்றது. அலுவலகத்தில் கிராணி பட்டியலை வாங்கி மேசை மேல் வைத்து, “சரி, ஒட்டிடுறேன். நீங்க போலாம்,” என்றார்.

அக்கா நகரவில்லை. “இப்ப ஒட்டுங்கண்ணே.”

“அதான் ஒட்டுறேன்னு சொல்றேனே.”

“சொல்றது கேட்டுச்சு. ஒட்டுறத பாக்கணும்.”

கிராணி என்னைப் பார்த்தார், ‘இவளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்பதுபோல. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. மணி இரண்டரை. அவர் எழுந்து போய்ப் பழைய தாளைக் கழற்றி, புதியதை வைத்து, நான்கு மூலையிலும் நான்கு குண்டூசி குத்தினார். நான்காவது குண்டூசி உள்ளே போகும்வரை அக்கா இமைக்கவில்லை. பிறகு தன் பெயரின் மேல் சுண்டுவிரலை வைத்தார். வைத்தபடியே மற்ற எட்டையும் தேடினார். பழைய தாளைக் கேட்டு வாங்கி மடித்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பை முழுவதும் திருத்தி எழுதினேன். முதலில் பழையதை அழி. பிறகு இழு. எண்ணைப் பார். கோளாறென்றால் எந்த வட்டு, என்ன எண் என்று எழுது, நில், அடுத்ததற்குப் போகாதே. ஒன்றும் விடாமல் எல்லாம் வந்தால் மட்டும் கடைசி வரியைச் சொல். பதின்மூன்று வரி நாற்பத்தொன்று ஆனது. முதலாளி பார்த்துவிட்டு, “ஏன் லா இவ்ளோ நீளம், வேல ஒண்ணுதானே?” என்றார். வேலை ஒன்றுதான் மொதலாளி, கெட்டுப்போகும் விதம்தான் அதிகம் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ இயந்திரம், எத்தனையோ அலுவலகம். எங்கே போனாலும் நான் எழுதுவது நீளம் என்றுதான் புகார். வீட்டிலும் அதே புகார்தான். கேஸை மூடினாயா என்று நான் இரண்டு தடவை கேட்கிறேனாம்.

மனைக் கடிதம் இரண்டு மாதத்தில் வரும் என்று கிராணி சொல்லியிருந்தார். மூன்றாவது மாதம், எனக்கு இருப்புக் கொள்ளாமல், ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோப்பெங் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மனை மனையாய்ப் பிரித்து வரிசையாய் எல்லைக்கல் நட்டிருந்தது. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு, அதில் நெஞ்சு சரியில்லாத ஒரு மனிதர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா இல்லை, ஹுத்தான் மெலிந்தாங் வரை போயிருப்பதாகப் பக்கத்துக் கல்லுக்காரர் சொன்னார். ஏழாவது ஆளைக் கூட்டிவர. நான் கட்டிலில் தூங்கியவரை எழுப்பாமல் திரும்பிவிட்டேன். அக்காவை அதன் பிறகு பார்க்கவில்லை.

ஆக, அவரை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வியாழக்கிழமை, செம்மண் ரோடு தார் ரோட்டைத் தொடும் இடத்தில், பஸ்ஸுக்காக நின்றபோதுதான். அவருக்கு லயத்துக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக்காரர் காலையிலிருந்து தனியாக இருக்கிறார். ஆனாலும் என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். தூசியைக் கிளப்பிக்கொண்டு பஸ் தெரிந்தது.

“கடிதம் வந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கக்கா,” என்றேன்.

“வந்தா எதுக்குச் சொல்லணும்? வந்தா எனக்கு வேல கெடக்கும்,” என்றார். பஸ் நின்றது. என் கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தன் துண்டால் தட்டிவிட்டார். “வராட்டி வாரேன். படியேறும்போதே கத்திக்கிட்டு வாரேன். காதக் கழட்டி வைக்காம இரு.”